எல்லாரும் ஊசி போட்ட வார்டுல நோய் எப்படிப் பரவுச்சு?

கீழ்க்கட்டளையில இருந்து இந்த வார எபிசோட். ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கலாம். "வார்டுல எல்லாருமே தடுப்பூசி போட்டவங்க. அப்படியும் பரவிடுச்சாமே? அப்போ ஊசி எதுக்கு?" கோவிட் காலத்துல ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ஆரம்பிச்ச கேள்வி இது. இன்னும் ஓயல. சும்மா விட்டா, வீட்டுப் பெரியவங்க நாளைக்கு ஃப்ளூ ஊசியும் வேண்டாம்னு சொல்லிடுவாங்க.

முதல்ல, அப்படி நிஜமாவே நடந்திருக்கு. 2021 ஜூலை, இஸ்ரேல்ல மெயர் மருத்துவமனை. டயாலிசிஸ் செய்துக்கிட்டிருந்த ஒருத்தர் காய்ச்சல், இருமலோட அட்மிட் ஆகிறார். வேற பிரச்சினைன்னு நினைச்சதால கோவிட் டெஸ்ட் உடனே எடுக்கல. அவர்கிட்ட இருந்து டெல்டா வகை வைரஸ் 42 பேர் வரைக்கும் போச்சு. அதுல 39 பேர் முழுசா ஊசி போட்டவங்க. மாஸ்க் போட்டிருந்தவங்களுக்கு நடுவுலயும் பரவியிருக்கு.

42-ல 39-னு கேட்டதும் பகீர்னு இருக்கும். இங்கதான் கணக்கு வேணும். ஒரு வார்டுல 100 பேர்னு வெச்சுக்கோங்க. 95 பேர் ஊசி போட்டவங்க, 5 பேர் போடாதவங்க. போடாதவங்கள்ல 40 சதவீதம் பேருக்குத் தொற்றுதுன்னா, 2 பேர். ஊசி அந்த ஆபத்தைப் பாதியாக் குறைக்குதுன்னா, 95 பேர்ல 19 பேருக்கு வரும். மொத்தம் 21 நோயாளிகள், அதுல 19 பேர் ஊசி போட்டவங்க! ஊசி வேலை செஞ்சும் தலைப்புச் செய்தி இப்படித்தான் வரும். மெயர்ல நோய்க்கு ஆட்பட்ட கூட்டத்துல 96 சதவீதம் பேர் ஊசி போட்டவங்க.

சரியான ஒப்பீடு நம்ம வேலூர்லயே இருக்கு. 2021 இரண்டாவது அலையில சி.எம்.சி. தன்னோட ஊழியர்களையே கணக்கெடுத்தது. இரண்டு டோஸ் போட்ட 7,080 பேர்ல 679 பேருக்குத் தொற்று, அதாவது 9.6 சதவீதம். ஒரு டோஸும் போடாத 1,609 பேர்ல 438 பேருக்கு, அதாவது 27.2 சதவீதம். ஐ.சி.யூ. போனவங்க? அந்த 7,080 பேர்ல 2 பேர், இந்த 1,609 பேர்ல 8 பேர்.

அப்போ மெயர் சொல்ற பாடம் என்ன? அங்க தொற்று வந்த ஊழியர்கள் 16 பேரும் லேசான பாதிப்போட தப்பிச்சாங்க. தொற்று வந்த நோயாளிகள் 23 பேர்ல 14 பேர் தீவிரமா நோயுற்றாங்க, இல்லேன்னா இறந்துட்டாங்க. வைரஸ் ஒண்ணுதான், மருத்துவமனையும் ஒண்ணுதான். ஆனா ஊசி போட்டு கிட்டத்தட்ட ஆறு மாசம் ஆகியிருந்தது, எதிர்ப்பு சக்தி தேய ஆரம்பிக்கிற நேரம். அதோட வயசு, சிறுநீரகக் கோளாறு மாதிரி பிரச்சினை இருக்கிற உடம்பு ஊசிக்குக் கொடுக்கிற பதிலே பலவீனமா இருக்கும். ஊசி யாருக்கு ரொம்ப அவசியமோ, அவங்களுக்குத்தான் அது குறைவாப் பலன் தருது. அதனால அவங்களை ஊசி மட்டுமே காப்பாத்தாது, சுத்தி இருக்கிறவங்களும் காப்பாத்தணும்.

காத்தும் காப்பாத்தணும். நம்ம பக்கத்துல இருக்கிற தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பேரைத் தினமும் கேக்குறோம். 1928-ல டாக்டர் சௌரி முத்து அங்க காசநோய் மருத்துவமனை ஆரம்பிச்சப்போ டி.பி.க்கு மருந்தே கிடையாது. நல்ல காத்து, வெயில், ஓய்வு, சாப்பாடு, இதுதான் அன்னைக்கு வைத்தியம். காத்து டி.பி.யைக் குணப்படுத்தாதுன்னு இப்போ தெரியும். ஆனா காத்தோட்டமான அறையில, ஒருத்தர் இருமி விட்ட கிருமி கலைஞ்சு குறையும். ஜன்னலை மூடி ஏசி போட்ட அறையில, வெளிக்காத்து உள்ள வர ஏற்பாடு இல்லேன்னா, அது அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும்.

இதுல டாக்டர், நர்ஸுக்கு மட்டுமில்ல, நமக்கும் பங்கு இருக்கு. குரோம்பேட்டை ஜி.எச்.சோ, பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியோ, தெரிஞ்சவங்க அட்மிட் ஆனா ஹார்லிக்ஸ் பாட்டிலோட கும்பலாக் கிளம்புறது நம்ம பழக்கம். அது பாசம்தான். ஆனா தொண்டை கரகரன்னா அன்னைக்கு ஒரு வீடியோ கால் போதும். போயே ஆகணும்னா நல்ல மாஸ்க் போட்டுக்கோங்க, சீக்கிரம் கிளம்பிடுங்க. வீட்டுல டயாலிசிஸ், கீமோ எடுக்கிறவங்க இருந்தா, அடுத்த டோஸ் எப்போன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களும் போட்டுக்கோங்க.

"ஊசி போட்டவங்களுக்கே வந்துச்சாமே"ன்னு யாராவது சொன்னா சண்டை போடாதீங்க. "எத்தனை பேர்ல எத்தனை பேருக்கு?"ன்னு மட்டும் கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.