பச்சைப் புள்ளி விழுந்த பேட்டை

2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. புயலை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கால்வாய்க் கரைச் சுவர்கள் சில, தாங்க வேண்டிய நீர்மட்டம் வருமுன்பே சரிந்தன.

2006 ஜனவரியில் மேயர் அமைத்த குழுவின் வரைபடம் வெளிவந்தது. பிராட்மூர் பேட்டையின் மேல் ஒரு பச்சைப் புள்ளி. அங்கே பூங்கா வரலாமாம்! ஆட்கள் திரும்புவார்கள் என்று பேட்டைக்காரர்களே நிரூபிக்க வேண்டுமாம். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான்; புள்ளி வைப்பது எத்தனை சுலபம் என்று தெரியும்.

அங்கேயும் நம்மைப் போல ஒரு சங்கம் இருந்தது. தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றார். வெளியூர்களில் சிதறிக் கிடந்த அண்டை வீட்டாரைத் தேடிப் பிடித்து, யார் யார் திரும்புகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். திட்டத்தையும் தாங்களே எழுதினார்கள். பூங்கா வரவில்லை. வெள்ளத்தில் பாழான பேட்டை நூலகம் 2012-ல் மறுபடி திறந்தது.