சாவியைக் கொடுக்கும் கை

(இளைஞர் – வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

ஒவ்வொரு ரமலானிலும் தராவீஹ் முடிந்ததும் நம் தெருக்களில் நடப்பது உங்களுக்குத் தெரியும். மீசை முளைக்காத பிள்ளைகள் ஒரே பைக்கில் மூவராகப் பறக்கிறார்கள். நோன்பு திறக்கும் நேரத்திலோ, கடையைப் பூட்டிய கையோடு பெரியவர்களே பறக்கிறார்கள்!

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய அரசு கணக்குத் தந்தது. பெரும்பகுதிக்குக் காரணம் அதிவேகம்.

'எல்லாம் களா கத்ர்' என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவனுக்கும் மார்க்கம் பரிகாரம் விதித்திருக்கிறதே! இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்கிறதே! வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் பொறுப்பு நீங்கிவிடாது.

வணிகப் பெருமக்களே! அந்தப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தது யார்? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் தந்தைக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. லைசென்ஸ் இல்லாத கடைப் பையனைச் சரக்குக் கொடுக்க அனுப்பி, அவன் ஒருவர் மீது மோதிவிட்டால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்த நஷ்டஈட்டை உங்களிடமே வசூலிக்க இடமுண்டு. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த கடை ஒரு நாளில் கைமாறிப் போகலாம்!

இளைஞர்களே! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரே விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். நீங்கள் பிரேக்கைத் தொடுமுன்பே அந்த 17 மீட்டர் போய்விடும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். ஆகவே முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். ஹெல்மெட்டின் வாரைப் பூட்டுங்கள். ஓட்டும்போது செல்போனைத் தொடாதீர்கள். தூக்கம் வந்தால் ஓரங்கட்டுங்கள். பள்ளிவாசல் வாசலில் பாதையை அடைத்து நிறுத்தாதீர்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமுதாயம், தானே இடையூறாகலாமா?

பேரீச்சம்பழம் ஐந்து நிமிடம் காத்திருக்கும். வழியில் நோன்பு திறக்க ஒரு மிடறு தண்ணீர் போதும். வாசலில் காத்திருக்கும் தாய்க்கு நீங்கள் உயிரோடு வந்து சேர வேண்டும்.

இன்றிரவே வீட்டிலுள்ள சாவிகளை எண்ணிப் பாருங்கள். உரிமம் இல்லாத கையில் ஒன்றுகூட இருக்க வேண்டாம். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.