தொட்டிலும் படப்புத்தகமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசுதற்குப் புலவர் பெருமக்கள் மேடையில் வீற்றிருக்கின்றனர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலங்கழிக்கும் எம்மைச் செயலாளர் அவர்கள், "குழந்தைகளைப் பற்றி ஏதேனும் பேசுக" எனப் பணித்தார்கள். குழந்தைகளுக்கு அறிவுரை கூறுவோர் நம் சங்கத்தில் மிகப் பலர். ஆதலின் அதனை அவர்கட்கே விடுத்து, நூல்களிலெல்லாம் மிகச் சிறியதாகிய ஒருவகை நூலைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். கைக்குழந்தையின் அன்றாட வாழ்வைச் சிறு பிள்ளைகட்குப் படமாக எழுதிக் காட்டும் நூலே அது.

அந்நூலில் குழந்தையொன்று துயிலெழும், குளிக்கும், பால் குடிக்கும், காரணமின்றி அழும், காரணமின்றிச் சிரிக்கும், மீண்டும் உறங்கும். பக்கத்துக்கு ஒரு படம். படத்தின்கீழ் ஒரு வரி. பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் நூல் முடிந்துவிடும். அரசனும் இல்லை, அரக்கனும் இல்லை, ஈற்றில் நீதியும் இல்லை. "இதுவும் ஒரு நூலா? பச்சைப்பிள்ளை கிழித்துத் தின்றுவிடாதா?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். தின்னத்தான் செய்யும். அதனை அறிந்தே தடித்த அட்டையில் முனை மழுக்கி இத்தகைய நூல்களை அச்சிடுகின்றனர்.

ஆயின் இந்நூல் கைக்குழந்தைக்கு மட்டும் உரியதன்று. நேற்றுவரை கைக்குழந்தையாயிருந்து இன்று அப்பதவியை இழந்துவிட்ட பிள்ளைக்கே இது பெரிதும் உரியது என்பது எம் கருத்து. நம் குடும்பங்களில் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். தாய் பேறுகாலத்திற்குத் திருநெல்வேலிக்கோ உடுமலைக்கோ தாய்வீடு செல்கிறாள். மூன்று வயது மூத்த பிள்ளையும் உடன் செல்கிறது. சில திங்கள் கழித்துக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும், தான் கிடந்த ஏணையில் வேறொருவன் கிடக்கக் காண்கிறது. வருவோர் அனைவரும் ஏணையை நோக்கியே செல்கின்றனர். அவருள் ஒருவர் வேடிக்கையாக, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், தம்பிதானே எங்கள் பிள்ளை" என்கிறார். எல்லாரும் சிரிக்கின்றனர். அப்பிள்ளை சிரிப்பதில்லை. அன்று மாலை அது தம்பியைக் கிள்ளினால், "பொறாமை பிடித்தது" என்று பெயர் சூட்டுகிறோம். தவிட்டுக் கதையைச் சொன்னவரை நாம் ஒன்றும் கேட்பதில்லை.

இத்துன்பம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பார் 1967ஆம் ஆண்டில் 'பீட்டரின் நாற்காலி' என்றொரு படப்புத்தகம் வெளியிட்டார். பீட்டர் என்னும் சிறுவனுக்குத் தங்கை பிறக்கிறாள். அவனுடைய பழைய தொட்டிலுக்குத் தங்கைக்கென வேறு வண்ணம் பூசிவிடுகின்றனர். எஞ்சியிருப்பது அவன் சிறு நாற்காலி ஒன்றே. அதனையும் இழக்க மனமின்றி, நாற்காலியையும் தன் நாயையும் கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறான். வாயிலுக்கு அப்பால் அதனைப் போட்டு அமர முயல்கிறான். முடியவில்லை, அவன் வளர்ந்துவிட்டான்! பின்னர்த் தந்தையும் அவனும் சேர்ந்து அந்நாற்காலிக்குத் தங்கைக்காக வண்ணம் பூசுகின்றனர். "விட்டுக்கொடு" என்று யாரும் அவனை உபதேசத்தால் வதைக்கவில்லை. நாற்காலி அவனுக்குப் போதாமற் போனதை அவன் உடம்பே அவனுக்குச் சொல்லிற்று.

இங்கிலாந்தில் ஆலன் ஆல்பெர்க், ஜேனட் ஆல்பெர்க் என்னும் கணவனும் மனைவியும் 1982இல் ஒரு நூல் செய்தனர். 'குழந்தைப் பட்டியல்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அவர்தம் சிறு மகள் குழந்தைப் பொருள் விற்கும் கடையின் விலைப்பட்டியலைப் புரட்டிப் புரட்டி மகிழ்ந்ததைக் கண்டு எழுந்த நூல் அது. ஐந்து குடும்பத்துக் குழந்தைகள், அவர்தம் தாய் தந்தையர், காலை உணவு, விளையாட்டு, குளியல், படுக்கை என்று பக்கந்தோறும் பொருள்களே நிரம்பியிருக்கும். சப்பானிலோ, 1967இல் வெளிவந்த ஒரு நூல், முகத்தைக் கையால் மூடித் திறந்து குழந்தையைச் சிரிக்க வைக்கும் விளையாட்டு ஒன்றையே பொருளாகக் கொண்டது. அது பல இலட்சம் படிகள் விற்றது என்றால் வியப்படைவீர்கள். நம் வீட்டுப் பாட்டிமார் முந்தானையால் நாள்தோறும் ஆடும் ஆட்டந்தான் அது!

படத்தைக் குழந்தை எங்ஙனம் காண்கிறது என்பதையும் ஆராய்ந்துள்ளனர். ஜூடி டிலோக் என்னும் அமெரிக்க அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எமக்கு மிகவும் சுவையாகப் பட்டது. ஒன்பது மாதக் குழந்தைகள் நூலில் உள்ள பொருளைக் கையால் தடவி, பற்றி, எடுக்க முயன்றனவாம். ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் சிற்றூர்க் குழந்தைகளும் அவ்வாறே செய்தனவாம். பத்தொன்பது மாதம் ஆனபின், குழந்தை படத்தை எடுக்க முயல்வதை விடுத்து, விரலால் சுட்டிக் காட்டுகிறது. சுட்டிக் காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது. அப்பொழுது நாம் ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்தச் சொல் எம்மொழிச் சொல் என்பதில்தான், நம்மைப்போல் எல்லைப்புறத்தில் வாழ்வோர் கவலைகொள்ள இடமிருக்கிறது.

இனி, இவையெல்லாம் மேனாட்டுச் சரக்கு என்று சிலர் எண்ணக்கூடும். மேடையில் உள்ள புலவர்கள் எம்மைத் திருத்தியருள்க. கைக்குழந்தையின் அன்றாடச் செயல்களையே பொருளாகக் கொண்டு ஓர் இலக்கிய வகையே கண்டவர்கள் தமிழர் அல்லரோ? ஐந்தாம் திங்களில் தலையெடுத்து அசைந்தாடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் கைகொட்டுவது சப்பாணி. முத்தம் தருவதும், தளர்நடையிட்டு வருவதும், நிலவை விளையாட அழைப்பதும் பிள்ளைத்தமிழில் ஒவ்வொரு பருவம். பெரியாழ்வார் கண்ணனைப் பாடினார்; ஒட்டக்கூத்தர் சோழ மன்னனைப் பாடினார்; குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பாடினார். தெய்வமே ஆயினும் குழந்தை கைகொட்டுவதைப் பார்த்துத்தான் பாடினர். அவை பெரியோர் படிக்கும் நூல்கள் என்பது உண்மையே. ஆயின் குழந்தை கைகொட்டுவது நூலுக்குரிய பொருளாகுமா என்னும் வினாவுக்கு விடை நம்மிடமே உண்டு.

பிற்காலத்தில் குழந்தைகட்கெனவே பாடியோரும் நம்மிடம் உளர். திருவிதாங்கூரில் ஆசிரியராயிருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒருவர். வங்கியில் பணியாற்றிக்கொண்டே பாடல்கள் எழுதிய குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா மற்றொருவர். (அலுவலகத்தில் பேரேடு எழுதுவோர்க்குக் கவிதை வாராது என்போர் இதனைக் கவனிக்க.) இவர்களால் தமிழ்க் குழந்தையின் செவிக்குக் குறைவில்லை. கண்ணுக்குத்தான் நெடுங்காலம் ஒன்றும் இல்லாதிருந்தது. காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1957இல் தில்லியில் சில்ரன்ஸ் புக் டிரஸ்டை நிறுவினார். அதே ஆண்டில் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட், பின்னர் நேரு பால புத்தகாலய வரிசையைப் பல மொழிகளில் வெளியிட்டது. இவற்றால் வண்ணப்படம் கொண்ட மலிவுப் புத்தகங்கள் நம் கைக்கு எட்டின. எனினும் அவற்றுள் மிகுதியானவை பள்ளிப் பிள்ளைகட்கு உரியவை.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப்படுக்கை கேளாதவரை நம் இரயிலில் கட்டணம் இல்லை. அதனாலோ என்னவோ, அவ்வயதினரை நாம் வேறு எக்கணக்கிலும் சேர்ப்பதில்லை! நம் சங்க நூலக அலமாரியைத் திறந்து பாருங்கள். கல்கி உண்டு, மு. வ. உண்டு, துப்பறியும் நாவலும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை கையில் எடுக்கத்தக்கது ஒன்றேனும் உண்டா?

நம் பிள்ளைகளின் நிலையைச் சிறிது சிந்திப்போம். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பாலக்காடும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. அதனைக் குறித்து இன்று வழக்காடுவதற்கு யாம் வரவில்லை. சோறிட்ட மண் இது. நம் காலனிப் பிள்ளை அங்கன்வாடியில் மலையாளம் கேட்கிறது. தெருவில் மலையாளம் பேசுகிறது. பள்ளியிற் சேர்ந்தபின் ஆங்கிலம் வந்து சேரும். தமிழுக்கு எஞ்சியிருப்பது மடி ஒன்றே. ஊரில் பாட்டி இருந்தால் கதை சொல்வாள். இங்கே இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் பாட்டி இல்லை. இரவுப் பணி முடித்த தந்தை பகலில் உறங்க, "சத்தம் போடாதே" என்பதே பிள்ளை மிகுதியாகக் கேட்கும் தமிழாகிவிடுகிறது.

மலையாளம் நம் பிள்ளைக்குப் பகையன்று. குழந்தைப் புத்தகத்தின் அளவிலோ நெருங்கிய உறவே. அம்மா, பால், கண், கை, கால், தொட்டில், குளி, உறங்கு ஆகிய இவையெல்லாம் இரு மொழிக்கும் பொது. நாம் அம்புலி மாமா என்று அழைக்கும் நிலவை அவர்கள் அம்பிளி அம்மாவன் என்கின்றனர். அம்மாவன் என்றாலும் மாமன்தான். வேறுபடும் சொல் சிலவே. குடிநீரை நம் அண்டை வீட்டார் 'வெள்ளம்' என்பர். நம் பேரப்பிள்ளை "வெள்ளம் வேண்டும்" என்று கேட்க, தஞ்சையிலிருந்து வந்த பாட்டி காவிரி கரையுடைத்ததோ எனத் திகைப்பாள். அப்பிள்ளைக்கு 'தண்ணீர்' என்னும் சொல்லும் தெரிந்திருந்தால் பாட்டியோடும் பேசலாம், பக்கத்து வீட்டோடும் பேசலாம்.

இதற்கு உதவும் நூல்கள் இப்பொழுது கிடைக்கின்றன. சென்னையில் 1996இல் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகம் ஒரே படப்புத்தகத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் வேறு மொழிகளிலும் வெளியிடுகிறது. நந்தினி நாயர் எழுதி ப்ரோயிதி ராய் படம் வரைந்த அவர்தம் நூலொன்றில், சிறுவன் ஒருவன் அம்மா தந்த சப்பாத்தி மாவைப் பாம்பாகவும் பூனையாகவும் உருட்டுகிறான். அவ்வளவே கதை. பிரதம் புக்ஸ் என்னும் நிறுவனம் 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தைத் திறந்தது. தமிழ்ப் படக்கதைகள் பலவற்றை விலையின்றிப் படிக்கவும் அச்சிட்டுக்கொள்ளவும் அங்கே இசைவு உண்டு.

ஆயினும் நம் வீட்டுக் குழந்தையின் நாள் எந்தக் கடையிலும் அச்சாகவில்லை. கால் நீட்டி அமர்ந்த பாட்டியின் கணைக்காலில் குப்புறக் கிடந்து வெந்நீர் வாங்கும் குளியல், சாம்பிராணிப் புகை, கையில் வசம்பு வளையம், கன்னத்தில் மைப்பொட்டு, பழைய நூற்சேலையில் ஏணை, கூட்ஸ் வண்டி கடந்து செல்ல ஏணையில் விழிக்கும் கண்கள்: இவற்றுக்குப் படம் எங்கே? மூணாற்றுத் தோட்டத்து அன்பர்கட்கு இன்னும் வேறு படம் வேண்டும். கம்பளிக் குல்லாய் அணிந்த குழந்தையும் கொழுந்துக் கூடை சுமந்த தாயும் அதில் இருக்க வேண்டும். ஐம்பதும் அதற்கு மேலும் பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டுமென 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அத்தகைய காப்பகத்தில் பால் குடிக்கும் நேரம்வரை தாயை எதிர்நோக்கிக் கிடந்த குழந்தைகளே இன்று நம்மிடையே தாடி மீசையோடு அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே நாமே செய்வோம் என்கின்றோம். நூறு பக்க நோட்டு ஒன்று போதும். பழைய நாட்காட்டி அட்டையை வெட்டி ஒட்டினால் பக்கம் தடிக்கும். செல்பேசியில் உறங்கும் புகைப்படங்களில் பத்தினை அச்செடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, கீழே ஒரு வரி தமிழில் எழுதுக. மூத்த பிள்ளையின் கைக்குழந்தைப் பருவப் படங்களையே முதலில் ஒட்டுக. "இது யார்?" என்று அது கேட்கும். "நீதான்; இப்படித்தான் உன்னைக் குளிப்பாட்டினோம், நீ இப்படித்தான் ஊரைக் கூட்டி அழுதாய்" என்று சொல்லுங்கள். தவிட்டுக் கதைக்கு அதைவிட நல்ல மாற்று எமக்குத் தெரியாது. தந்தையும் ஏணையாட்டும் படம் ஒன்று இருக்கட்டும். 2024இல் கேரளத்து மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவும் படம் வந்தது. நம் வீட்டில் துருவாதவர் ஏணையேனும் ஆட்டலாம்.

செயற்குழுவினர் நூலகத்திற்கென ஒரு மரப்பெட்டி தர இசைந்துள்ளனர். அதில் தமிழ்ப்படி ஒன்றும் மலையாளப்படி ஒன்றுமாக நூல்கள் இருக்கும். மலையாளப்படி அண்டை வீட்டுப் பிள்ளைக்கு. இரண்டு திங்களுக்கு ஒருமுறை பெட்டி மூணாற்றுக்குச் செல்லும். அங்கு ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தோடு போய்விட்டமையால், எம் பார்சல் அலுவலகம் அதற்கு உதவாது. பேருந்தில்தான் ஏற்றியனுப்ப வேண்டும்.

வாயிலருகே உள்ள மேசையில் இப்பொழுது ஏழு நூல்கள் வைத்திருக்கின்றோம். அவற்றுள் இரண்டு நம் காலனித் தாய்மார் செய்தவை. கைப்பிள்ளையோடு வந்தோர் முதலிற் செல்க. பிள்ளைகள் தொடட்டும். கிழிந்தால் ஒட்டுவதற்குப் பசையும் அங்கே இருக்கிறது.