வெப்பமுறும் உலகும் நமது கரையோரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இளைஞர் பேச வந்தால் கலை, இலக்கியம், சமூகத் தொண்டு என்பவற்றுள் ஒன்றைப் பொருளாகக் கொள்வதே வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ காற்றைப் பற்றியது. சோளகத்தையும் வாடையையும் முகத்தில் வாங்கி வாழ்ந்த பெரியோர் நிறைந்த இச்சபையில், பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத நாம் காற்றைப் பற்றிப் பேச முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். எனினும் பெரியோர் அறிந்த காற்று இன்று மாறி வருகின்றது. அம்மாற்றத்தைச் சொல்லவேண்டிய கடமை படிப்பவர்க்கு உண்டு என்பதனாலேயே துணிந்து வந்தோம்.

நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், விஞ்ஞான ஆசிரியர் ஒரு குவளையில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்து, குழாயினால் அதனுள் ஊதும்படி பணித்தார். சற்று நேரத்தில் அந்நீர் பால்போல வெளுத்தது. நமது மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு என்னும் கரியமில வாயுவே அதற்குக் காரணம் என்றார். கண்ணுக்குப் புலப்படாத ஒன்று மெய்யாகவே இருக்கின்றது என்பதை அன்றுதான் கண்ணாற் கண்டோம்.

அந்த வாயு தீயதன்று. அது அறவே இல்லையெனில் பூமி பனிக்கட்டியாய் உறைந்துவிடும். சூரிய வெப்பத்தை ஏற்ற பூமி அதனைத் திரும்ப வெளிவிடும்போது, அவ்வெப்பத்தில் ஒரு பகுதியைப் போர்வைபோலத் தடுத்து வைப்பது இவ்வாயுவின் இயல்பு. 1859 ஆம் ஆண்டிலேயே யோன் திண்டால் என்னும் அறிஞர் இவ்வகை வாயுக்கள் வெப்பத்தைப் பற்றிக்கொள்வதைச் சோதனையாற் காட்டினார். 1896 இல் சுவீடன் தேசத்து அரேனியசு என்பார், நிலக்கரியை எரிப்பதனால் இவ்வாயு பெருகினால் உலகம் எவ்வளவு வெப்பமுறும் எனக் கணக்கிட்டார். ஆகவே இது நேற்று முளைத்த புரளியன்று.

போர்வை தடித்தால் உடல் புழுங்கும் அன்றோ? தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வாயு 280 பங்காக இருந்தது. 1958 இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 பங்கு. 2024 இல் அது 420 பங்கையும் கடந்துவிட்டது. இத்துணைச் சிறிய அளவு என்ன செய்யும் எனச் சிலர் வினவுவர். வாளி நிறைந்த நீரிற் சில சொட்டு நீலம் கலந்து வெள்ளை வேட்டியைத் தோய்த்துப் பார்த்தோர் அவ்வாறு வினவமாட்டார். 2024 ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மிகுந்திருந்தது.

இனி நமது கரையோரத்துக்கு வருவோம். கற்பிட்டிக்கு அப்பால் கடலுள் கிடக்கும் 'பார் ரீவ்' என்னும் பவளப்பாறைத் தொடர் 1992 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மீன் குஞ்சுகளுக்கு அது தொட்டில். 1998 இலும் 2016 இலும் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியபோது அங்குள்ள பவளங்கள் வெளிறிப் பெருமளவு மடிந்தன. சரணாலயம் என்ற பலகை வலையைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்குமா?

1900 ஆம் ஆண்டிலிருந்து உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ இருபது சதமமீற்றர் உயர்ந்துள்ளது. மலைப்பனி உருகுவது ஒரு காரணம். சூடேறிய நீர் விரிவடைவது மற்றொரு காரணம். மணல்மேல் வீடு கட்டியவன் கதையைப் பாடசாலையிற் கேட்டபோது, அவன் அறிவிலி என்று நாமும் சிரித்ததுண்டு. சிலாபம் முதல் உடப்பு வரையும், அங்கிருந்து கற்பிட்டி முனை வரையும் நாம் எல்லோரும் மணல்மேலன்றோ கட்டியிருக்கின்றோம்! நமக்கு வேறு நிலம் ஏது?

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. நமது மாவட்டமும் வெள்ளத்தில் ஆழ்ந்தது. ஒரு புயலை முற்றிலும் உலக வெப்பத்தின் தலையிற் சுமத்துதல் நேர்மையாகாது. புயல் முன்னரும் உண்டு. ஆயின் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகையான நீராவியைத் தாங்கவல்லது. மிகையாய்ச் சுமந்த மேகம் மிகையாய்ப் பொழியும். பழைய புயலும் புதிய உலகில் பெரு மழையைக் கொணரும் என்பதே இதன் பொருள்.

இவ்வளவுக்கும் காரணமான புகையில் நமது பங்கு யாது? நமது மாவட்டத்திலேயே, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையம் நிற்கின்றது. 2011 இல் முதற் பகுதியும் 2014 இல் ஏனையவும் இயங்கத் தொடங்கின. மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற்று. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அது வழங்கி வந்திருக்கின்றது. நிலக்கரியால் ஒரு யூனிற் மின்சாரம் ஆக்கும்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயு வெளியேறும். முழு வலுவுடன் அந்நிலையம் ஒரு மணி நேரம் இயங்கினால் ஒன்பது இலட்சம் யூனிற். அதனுடன் ஏறத்தாழத் தொள்ளாயிரம் தொன் வாயு.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் நமது கடல் கொந்தளிக்கும்; கரைவலை கரையிற் கிடக்கும். கடல் அடங்கிய பின்னரே அம்பா பாடி வலை இழுப்போம். அந்த அமைதியான மாதங்களிலேயே வெளிநாட்டு நிலக்கரியும் நுரைச்சோலையில் இறக்கப்படுகின்றது. நமது வலைக்கும் அவர்தம் கரிக்கும் கடல் ஒரே பஞ்சாங்கத்தையே வைத்திருக்கின்றது!

நாம் அந்நிலையத்தை வெறுத்துப் பேசவில்லை. அதன் ஒளியிற்றான் எம் பரீட்சைக்குப் படித்தோம். இவ்விழா மேடையின் விளக்குகளிலும் அதன் பங்கு இருத்தல் கூடும். ஆகவே கரியைப் பழித்துக்கொண்டே கரியின் வெளிச்சத்தில் நிற்கின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

அண்மையில் ஒரு பெரியவரிடம் இவற்றைச் சொன்னபோது, "தம்பி, பெரிய தேசத்தார் விடும் புகைக்கு நாங்கள் விளக்கை அணைக்க வேண்டுமோ? நாங்கள் அணைத்தால் உலகம் குளிர்ந்து விடுமோ?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஓராண்டில் இலங்கையர் ஒருவரின் பங்கு ஏறத்தாழ ஒரு தொன் வாயு. உலகச் சராசரியோ நான்கு தொன்னுக்கும் மேல். ஒருவர் உண்ட விருந்துக்கு மற்றொருவர் இலை எடுப்பது போன்ற அநீதி இது. பெரிய தேசங்கள் முதலிற் குறைத்தல் வேண்டும், இழந்தோர்க்கு ஈடு செய்தல் வேண்டும் என்று கேட்பது பிச்சையன்று, உரிமை. ஆயின், வள்ளத்தை ஓட்டையிட்டவர் வேறொருவர் என்பதற்காக நீரை இறைக்காமல் இருப்போமா? வள்ளத்தில் இருப்பவர் நாமல்லவா?

நாம் செய்யத்தக்கவை மூன்று எனக் கருதுகிறோம்.

முதலாவது, கரியின் இடத்துக்குக் காற்றையும் வெயிலையும் கொணர்தல். 2021 இல் இலங்கை அரசு, 2030 இல் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கை நீர், காற்று, வெயில் முதலியவற்றாற் பெறுவதென்றும், புதிய நிலக்கரி நிலையம் அமைப்பதில்லையென்றும் உலகுக்கு வாக்குக் கொடுத்தது. கொடுத்த வாக்கை நினைவூட்டுவது குடிமக்கள் கடமை. நமது மாவட்டத்து மாம்புரியில் 2010 முதல் காற்றாடிகள் சுழல்கின்றன. நமது வலையை மடக்கி வைக்கும் அதே சோளகம் அங்கே மின்சாரம் ஆக்குகின்றது. வெயிலிலோ வேறொரு சிக்கல். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்திருந்தமையால், கூரைமேற் சூரியத் தகடு பொருத்தியவர்களைப் பகலில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. நண்பகலில் மிகுதி, இரவிலே பற்றாக்குறை. பகல் மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கல அடுக்குகள் பெருகும்வரை, நீர் இறைத்தல், துணி அழுத்துதல் முதலியவற்றைப் பகலுக்கு மாற்றிக்கொள்வது புத்தியாகும்.

இரண்டாவது, வீட்டுச் சிக்கனம். மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கின்றது. அப்பொழுது விலை மிகுந்த எண்ணெயையும் எரிக்க நேர்கின்றது. அறுபது வாற்றுப் பழைய குமிழை நீக்கி ஒன்பது வாற்று எல்.ஈ.டி. குமிழ் பொருத்தி, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால், ஆண்டில் ஏறத்தாழ 93 யூனிற் மிச்சம். உலகம் குளிர்கின்றதோ இல்லையோ, மின்கட்டணம் குறைவது உறுதி. இருக்கும் ஒரே குமிழையும் எண்ணி எரிக்கும் ஏழைத் தாயிடம் சிக்கனம் போதிக்க நாம் வரவில்லை. குளிரூட்டி பூட்டிய வீட்டாரையும், பகல் முழுதும் அலங்கார விளக்கு எரிக்கும் விழாக் குழுவினராகிய எம்மையுமே கேட்கின்றோம்.

மூன்றாவதே மிக முக்கியமானது. அது நமது கண்டல் மரங்கள். களப்போரச் சேற்றிலே வேரூன்றி நிற்கும் இம்மரங்கள் காற்றிலுள்ள காபனை இழுத்துச் சேற்றினுள் புதைத்து வைக்கின்றன. ஒரே பரப்பில், தரைக்காடுகளைவிடப் பன்மடங்கு காபன் அவற்றின் அடியிற் கிடக்கின்றது. அத்துடன் அலையைத் தணிக்கும். இறாலுக்கும் மீனுக்கும் வீடாகும். 1980 களிலிருந்து சிலாபம், புத்தளம் கரைகளில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்கள் வெட்டப்பட்டன. பின்னர் வெண்புள்ளி நோய் வந்தது. பல பண்ணைகள் பாழாய்க் கைவிடப்பட்டன. இறாலும் போயிற்று, மரமும் போயிற்று!

நல்ல செய்தியும் உண்டு. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட 'சுதீச' என்னும் சிறு மீனவர் அமைப்பு, 2015 இல் அரசுடனும் 'சீக்கொலஜி' என்னும் அமெரிக்க அமைப்புடனும் கைகோத்து, நாட்டின் கண்டல்கள் யாவற்றையும் காக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் கொடுத்து, மரங்களின் காவலை அவர்கள் கையில் ஒப்படைத்தமை இதன் சிறப்பு. 2016 இல் சிலாபத்துக்கு அருகே பம்பலவில் கண்டல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாடெங்கும் ஆர்வத்துடன் நட்ட கண்டல் நாற்றுகளுட் பெரும்பாலானவை பட்டுப்போயின. இடமறியாமலும் இனமறியாமலும் நட்டு, படம் பிடித்துக்கொண்டு திரும்பியதே காரணம். ஆகவே நூறு நாற்று நடுவதைவிட, நிற்கும் பத்து மரங்களை வெட்டாமற் காப்பது மேல். எந்த இடத்தில் முன்பு கண்டல் நின்றது, எந்த வாய்க்கால் அடைபட்டது என்பதைப் புத்தகம் சொல்லாது. இச்சபையிலுள்ள பெரியோரே சொல்லவல்லார்.

ஆதலால் சங்கத்தாரிடம் எமது விண்ணப்பம் இது. பெரியோர்கள் முன்நின்று பழைய கண்டல் நிலங்களை எமக்குக் காட்டுங்கள். இளைஞர் நாம் முறை வைத்துக் காவல் செய்வோம். அடுத்த ஆண்டு மலரில் எத்தனை நட்டோம் என்று எழுதாமல், எத்தனை உயிருடன் நிற்கின்றன என்று எண்ணி எழுதுவோம். வரும் விழாவில் அலங்கார விளக்குகளைப் பாதியாய்க் குறைத்து, அதில் மிஞ்சும் பணத்தை வாசிகசாலைக் கூரைக்குச் சூரியத் தகடு வாங்கச் சேர்ப்போம்.

இம்மணல் நமக்கு முன்னோர் தந்தது. பிள்ளைகளுக்கு நாம் மணலைக் கொடுக்கப் போகின்றோமா, கடலைக் கொடுக்கப் போகின்றோமா என்பதே கேள்வி.