பிள்ளை படிப்பை விடும் முன்னே பணம் போய்ச் சேர வேண்டும்

(தோட்டக் கிளையின் கல்விக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



"அவசரம்" என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிடையே உள்ள முதியவர்களுக்கு 1948 முதல் 1960 வரை இந்நாட்டில் நடந்த அவசரகாலந்தான் ஞாபகத்துக்கு வரும். நான் பேச வந்தது வேறோர் அவசரத்தைப் பற்றி. 2020-ம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்துப் போட்டதே, அந்தக் காலத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசாங்கங்கள் கொடுத்த அவசர உதவித்தொகையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"அதுதான் முடிந்துபோயிற்றே, இப்போது எதற்கு அந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டு மே மாதம் 5-ம் தேதி அந்த நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. ஆனால், தோழர்களே, ஒழுகுகிற கூரையை மழையிலா சரிசெய்கிறோம்? வெயில் காலத்தில்தானே ஏணி வைத்து ஏறுகிறோம்! அடுத்த மழை எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. ஆகையால் போன மழையில் கூரை எங்கெங்கே ஒழுகியது என்று இன்றே பார்த்து வைப்பது நல்லது.

ஒரே நாளில் இரண்டு நாடுகளில்

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமுலுக்கு வந்தது. அதே மாதம் 27-ம் தேதி, அப்போது பிரதமராயிருந்த முஹிடின் யாசின் அவர்கள் 'பிரிஹாத்தின்' என்ற உதவித் திட்டத்தை அறிவித்தார். அதிலே உயர்கல்வி மாணவர்களுக்குத் தலைக்கு 200 வெள்ளி, ஒரே தடவையாகக் கொடுப்பதென்று சொல்லப்பட்டது. பி.டி.பி.டி.என். கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட ஆறு மாதம் தவணையும் கொடுக்கப்பட்டது.

அதே மார்ச் 27-ம் தேதி அமெரிக்காவில் ஜனாதிபதி டிரம்ப் 'கேர்ஸ்' என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். அதிலே கல்லூரிகளுக்கென்று ஏறக்குறைய 1,400 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கல்லூரிகளுக்குப் பகிர்ந்த பணத்தில் பாதிக்குக் குறையாமல் மாணவர்களுக்கே உதவித்தொகையாகப் போய்ச் சேர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்தப் பாதி மட்டுமே 600 கோடி டாலருக்கு மேல். பின்னர் 2020 டிசம்பரிலும் 2021 மார்ச்சிலும் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. மூன்றும் சேர்ந்து கல்லூரிகளுக்குக் கிடைத்த மொத்தத் தொகை சுமார் 7,600 கோடி டாலர்.

அமெரிக்காவின் பணம் வேறு, நம் நாட்டின் பணம் வேறு. தொகையை ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அங்கே பெரிய அளவில் செய்தார்கள். பெரிய தவறுகளும் நேர்ந்தன. வழக்குப் போட்டும் வாதாடியும் சிலவற்றைத் திருத்தினார்கள். அந்தப் பாடம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

கடன் வேறு, கொடை வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடனுக்குத் தவணை கொடுப்பது நல்ல காரியமே. ஆனால் அது யாருக்கு உதவும்? படித்து முடித்து, வேலைக்குப் போய், கடனைக் கட்டிக்கொண்டிருப்பவனுக்கு உதவும். இன்று வகுப்பிலே இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு வேளைச் சோற்றையும் வாங்கித் தராது.

அந்தப் பிள்ளைக்கு அப்போது என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். விடுதி மூடப்பட்டது. சாப்பாட்டுக் கடையிலும் துணிக்கடையிலும் பகுதிநேரமாகச் செய்துவந்த வேலை போயிற்று. வீட்டிலோ தகப்பனுக்கு வேலை குறைந்தது. பாடமெல்லாம் இணையத்தில் என்றார்கள். அதற்குக் கணினி வேண்டும். கணினி இருந்தாலும் இணையத்துக்குக் காசு கட்ட வேண்டும். அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோப் ஆய்வு நிலையம் 2020-ம் ஆண்டில் 54 கல்லூரிகளில் விசாரித்தது. 38,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பதிலளித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேர், சோற்றுக்கோ குடியிருக்கும் இடத்துக்கோ நிச்சயமில்லாத நிலையில் இருந்தார்கள். செல்வம் கொழிக்கும் நாடு என்கிறோமே, அங்கேயே இந்தக் கதி!

ஆகவே அவசர காலத்தில் வேண்டியது கொடை. திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். சோறு, வாடகை, மருந்து, புத்தகம், கணினி, கைக்குழந்தை உள்ள மாணவிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு ஆகிய அனைத்துக்கும் இது செல்லும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது. அதைத் தங்கள் வருமானமாகக் காட்டி வரி கட்டவும் வேண்டியதில்லை என்றார்கள்.

அரை ஆள் கணக்கு

இனித் தவறுகளுக்கு வருவோம். முதல் சட்டத்தில் எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு என்று கணக்கிடும்போது, முழுநேர மாணவனை ஓர் ஆளாகவும், பகுதிநேர மாணவனை ஆளில் ஒரு பங்காகவும் எடுத்தார்கள். அரை நாள் வேலை செய்தவனுக்குச் செக்ரோலில் அரை நாள் போடுகிறோமே, அதைப்போல! சம்பளத்துக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். பசிக்குச் சரியாகுமா? பாதி நேரம் படிக்கிறவனுக்குப் பாதி வயிறா இருக்கிறது?

பாதி நேரம் படிக்கிறவன் யார்? பகலில் வேலை செய்து மாலையில் படிக்கிறவன். குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிற தாய். ஏழைகள் மிகுதியாகப் படிக்கும் சமுதாயக் கல்லூரிகளில்தான் அவர்கள் அதிகம். ஆகவே அந்தக் கல்லூரிகளுக்கே பங்கு குறைந்தது. குறை கூறிக் குரல் எழுந்தது. டிசம்பரில் வந்த இரண்டாவது சட்டத்தில் தலைக்கணக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். கணக்குப் போடும் முறை ஒரு சின்ன விஷயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எண்ணுகிற முறையிலேயே ஒருவன் வாழ்வதும் தாழ்வதும் இருக்கிறது. பேனா பிடிக்கும் என் போன்ற கிராணிமார்கள் இதை மறக்கலாகாது.

விடுபட்டவர்கள்

இன்னொரு ஓட்டை. முதல் சட்டம் மாணவர் என்றுதான் சொன்னது. ஆனால் கல்வி இலாகா, மத்திய அரசாங்கத்தின் வழக்கமான கல்வி உதவிக்குத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் கொடுக்கலாம் என்று 2020 ஏப்ரலில் அறிவித்தது. இதனால் தகுந்த குடியேற்றப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும் வெளிநாட்டு மாணவர்களும் வெளியே நிறுத்தப்பட்டனர். சிறு வயதில் பெற்றோருடன் வந்து, அந்நாட்டிலேயே பள்ளிப் படிப்பு முழுவதையும் முடித்த பிள்ளைகள் அவர்களில் பலர். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் நீதிமன்றம் சென்றன. 2020 ஜூனில் அவற்றுக்குச் சாதகமாக இடைக்காலத் தடை கிடைத்தது. 2021 மே மாதத்தில், நெருக்கடிக் காலத்தில் கல்லூரியில் பதிந்திருந்த எந்த மாணவரும் உதவி பெறலாம் என்று அரசாங்கமே விதியை மாற்றியது.

தோட்டத்திலே இருக்கும் நமக்கு இந்த வேதனையை யாரும் விளக்கத் தேவையில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, நீல அடையாளக் கார்டு கிடைக்காமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். கல்விக் கடன் கேட்டால் பிரஜை என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கிறார்கள். பசி அத்தாட்சி கேட்டுக்கொண்டு வருவதில்லை.

பிடித்தம்

மூன்றாவது செய்தியைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சம்பளத்தன்று நாம் முதலில் பார்ப்பது என்ன? எவ்வளவு சம்பளம் என்பதையா? எவ்வளவு பிடித்தம் என்பதையல்லவா! சம்பளத்தில் பொதுவாகப் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1955-ம் ஆண்டின் வேலைச் சட்டம் சொல்கிறது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் உறையிலே வெறுங்காகிதந்தான் மிஞ்சும் என்பதை அறிந்து எழுதிய சட்டம் அது.

கல்லூரியிலும் இதே ஆபத்து உண்டு. அரசாங்கம் மாணவனுக்கென்று பணம் அனுப்புகிறது. மாணவன் கல்லூரிக்குப் பழைய பாக்கி வைத்திருக்கிறான். கல்லூரி என்ன செய்யும்? "இந்தா உன் உதவி, இதோ உன் பாக்கி, சரியாய்ப் போயிற்று" என்று சொல்லிவிடலாம் அல்லவா? பிள்ளையின் அடுப்பு எரியாது. ஆகையால் முதலில் பணத்தை மாணவனிடமே நேராகக் கொடுக்க வேண்டுமென்று விதித்தார்கள். பின்னர், மாணவன் எழுத்து மூலம் சம்மதித்தால் பாக்கிக்கு வரவு வைக்கலாம்; ஆனால் சம்மதித்தால்தான் பணம் என்று நிபந்தனை போடக் கூடாது என்றார்கள். பாக்கியைக் கட்டுவது தவறென்று நான் சொல்லவில்லை. எது முதலில், எது பிறகு என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதே கேள்வி. பசிக்கிறவனுக்குத்தான் அந்த உரிமை இருக்க வேண்டும்.

சமமாகவா, தேவைக்கேற்பவா?

நம் நாட்டில் கொடுத்த 200 வெள்ளி எல்லா மாணவருக்கும் ஒரே தொகை. இதிலே ஒரு நன்மை இருக்கிறது: தேவையை நிரூபிக்கச் சொல்லிக் காலத்தைக் கடத்துவதில்லை. ஒரு குறையும் இருக்கிறது: மாடி வீட்டுப் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் ஒரே அளவு. ஒருவனுக்கு அது கைச்செலவு. மற்றவனுக்குப் பாதித் தூரத்தில் நின்றுபோகும் பஸ்.

அப்படியானால் மனுப் போடச் சொல்லி, ஆராய்ந்து கொடுக்கலாமா? அதிலும் சங்கடம் உண்டு. பத்து பக்கப் பாரம், வருமானச் சான்று, கையெழுத்து, முத்திரை. நன்றாக எழுதத் தெரிந்தவன் முதலில் வாங்கிப் போவான். மானமுள்ள பிள்ளை, "என்னைவிடக் கஷ்டப்படுகிறவன் இருப்பான்" என்று ஒதுங்கி நிற்பான். ஆராய்ந்து முடிப்பதற்குள் பருவமே போய்விடும். மங்கிலே விழுந்த பாலை நேரத்தில் எடுக்காவிட்டால் என்ன ஆகும்? உறைந்து ஒட்டுப்பாலாகும். விலையும் குறையும். தாமதமான உதவியும் அப்படித்தான்.

இதற்கு ஒரு வழியை நோய்க்கு முன்பே ஒரு பல்கலைக்கழகம் காட்டியிருக்கிறது. அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், நன்றாகப் படிக்கும் மாணவர்கள் பலர் சில நூறு டாலர் பாக்கிக்காகப் பருவந்தோறும் பெயர் நீக்கப்பட்டு வந்தனர். 2011-ம் ஆண்டில் அங்கே ஒரு சிறு உதவித் திட்டம் ஆரம்பித்தார்கள். மாணவன் மனுப் போட வேண்டியதில்லை. அலுவலகமே கணக்கேட்டைப் புரட்டி, யார் படிப்பை முடிக்கும் தறுவாயில் சிறு தொகைக்காகத் தடுமாறுகிறான் என்று கண்டுபிடித்து, அவனைக் கூப்பிட்டுக் கொடுக்கும். தலைக்குச் சராசரியாக ஆயிரம் டாலர்கூட ஆகவில்லை. கடைசி ஆண்டில் அதைப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு பருவங்களுக்குள் பட்டம் வாங்கினார்கள்.

இதிலே மந்திரம் ஒன்றுமில்லை, தோழர்களே! கணக்கேடு எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. பாக்கி வைத்தவனை வெளியே தள்ளுவதற்கும் அதே ஏட்டைப் புரட்டலாம்; உள்ளே நிறுத்தி வைப்பதற்கும் அதே ஏட்டைப் புரட்டலாம். எந்த நோக்கத்தோடு புரட்டுகிறோம் என்பதுதான் விஷயம்.

நாம் கேட்க வேண்டியது, செய்ய வேண்டியது

முடிவாக என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த நெருக்கடி வரும்போது அரசாங்கத்திடம் வெறுமனே "உதவி செய்யுங்கள்" என்று கேட்டால் போதாது. எப்படி உதவ வேண்டும் என்றும் கேட்க வேண்டும். கடனாகக் கொடுக்காமல் கொடையாகக் கொடுங்கள். ஏற்கெனவே உங்கள் ஏட்டில் ஏழை என்று பதிந்திருக்கும் பிள்ளைக்கு மனுக் கேட்காமல் அனுப்புங்கள். திடீரென்று விழுந்த குடும்பத்துக்கென்று தனியே ஒரு சிறு நிதியைத் திறந்து வையுங்கள். அதற்கு ஒரு பக்கப் பாரம் போதும். பகுதிநேர மாணவரையும் முழு வயிறாக எண்ணுங்கள். பிடித்தம் செய்யாதீர்கள்.

இது அரசாங்கத்துக்கு. நமக்கும் வேலை இருக்கிறது. இந்தத் தோட்டத்திலிருந்து எந்தெந்த வீட்டுப் பிள்ளை எந்தக் கல்லூரியில், எந்த ஆண்டில் படிக்கிறது என்று நம்மிடம் ஒரு பட்டியல் உண்டா? மரத்துக்கு நம்பர் இருக்கிறது, நிரைக்குக் கணக்கு இருக்கிறது, பிள்ளைக்கு இல்லை. கிளையில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். பிள்ளையின் வங்கிக் கணக்கு, அடையாளக் கார்டு, கல்லூரிப் பதிவு ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று ஆண்டுக்கொரு முறை பார்ப்போம். அவசரம் வந்த பிறகு பத்திரம் தேடுகிறவனுக்குப் பணம் பிந்தித்தான் வரும். பாரம் எழுதத் தெரியாத பெற்றோருக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பைக் கிராணிமார்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அதற்கு ஐந்து காசும் வேண்டாம்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தூரத்திலிருந்து பிள்ளை போனில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறீர்கள். அதுவும் "சாப்பிட்டேன்" என்றே சொல்லும். நம் கஷ்டம் அதற்குத் தெரியும். ஆகவே, "கட்டணம் பாக்கி உண்டா? கடிதம் ஏதாவது வந்ததா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். பாக்கி என்று தெரிந்தால் மறைக்காமல் மறுநாளே கிளைக்குச் சொல்லுங்கள். அதிலே வெட்கம் ஒன்றுமில்லை. பத்தாண்டு காலம் பெரட்டுக்கு எழுந்து போன கைகளின் உழைப்பு, ஒரு மாதப் பாக்கியில் வீணாய்ப் போவதற்கு நாம் இடம் கொடுக்கலாகாது.