வளையும் மின்வாய்

கைப்பேசியின் லித்தியம் அயனி மின்கலத்தில் எதிர்மின்வாய் ('எலெக்ட்ரோடு' என்பதை நாம் மின்வாய் என்றே பெயர்க்கிறோம்) பெரும்பாலும் செப்புத் தகட்டின்மீது பசை சேர்த்துப் பூசிய கிராபைட்டுப் பொடியே. பலமுறை மடித்தால் பூச்சு உதிரும். உடையோடு மின்கலத்தைத் தைக்க விழைவோர்க்கு இது பெருந்தடை.

ஆதலின் கரி நுண்ணிழையை நாடுகின்றனர். பாலிஅக்ரிலோநைட்ரைல் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் ஊசிமுனையிலிருந்து இழையாக இழுத்து, காற்றில் சுமார் 250 பாகை செல்சியசில் பதப்படுத்தி, நைட்ரஜனில் 800 பாகைக்கு மேல் கரியாக்குவர். கிடைப்பது துணிபோல் வளையும் கரிப்பாய். செம்பும் வேண்டா, பசையும் வேண்டா. அவ்வளவு சுமை மிச்சம்.

வளைவதைக் கண்டு வியப்பது எளிது. நமக்கோ இழப்பே பெரிதாகத் தோன்றுகிறது. நுண்ணிழைகளின் மேற்பரப்பு மிகுதியாதலால், முதல் மின்னேற்றத்திலேயே லித்தியத்தில் ஒரு பகுதி அங்கே படலமாகப் படிந்து மீளாது போகிறது. அதை ஈடுசெய்ய, லித்தியத்தை முன்னரே ஊட்டிப் பார்க்கின்றனர் ஆய்வாளர்.