மதுவும் மூன்று தலைமுறைப் பிள்ளைகளும்



பள்ளிப் பையன் ஒருவன் குடித்தான் என்று கேள்விப்பட்டால், ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்றும் இந்த மேடையில் அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாதாட விரும்புகிறேன்.

இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937இல். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் நடப்புக்கு வந்தது. நம் தாத்தாக்கள் வளர்ந்த காலம் அது. அன்றும் குடி இருந்தது. காட்டோரங்களில் சாராயம் காய்ச்சினார்கள். வசதி உள்ளவர்கள் பெர்மிட் வாங்கிக் குடித்தார்கள். ஆனால் குடித்தவர் பெரிய தெரு வழியாக வரக் கூசினார். பெண் கொடுக்குமுன் ‘மாப்பிள்ளைக்குப் பழக்கம் உண்டா’ என்று விசாரித்தார்கள். யாரும் வகுப்பெடுக்காமலே பையன்கள் அதைத் தப்பென்று தெரிந்துகொண்டார்கள். அந்தக் கூச்சத்தை நான் கொண்டாடவில்லை. அடிவாங்கிய பெண்கள் வாய்திறக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

1971இல் மதுக்கடை திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் மறுபடி திறந்தது. அந்த ஊசலாட்டத்தில் வளர்ந்த இரண்டாம் தலைமுறைக்கு, மது தப்பா சரியா என்பது கோட்டையில் எடுக்கும் முடிவாகத் தெரிந்தது.

மூன்றாம் தலைமுறையின் நிலை வேறு. 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. பட்டம் படித்த இளைஞர்கள் அந்தக் கடைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2003-04இல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய், 2023-24இல் 45,800 கோடியைத் தாண்டியது. கல்யாண வீட்டு மொட்டைமாடியில் மாமாக்களும் சித்தப்பாக்களும் பாட்டிலைத் திறக்கும்போது, தண்ணீர் பாட்டிலும் சைடு டிஷ்ஷும் வாங்கிவர ஓடுபவன் பத்தாம் வகுப்புப் பையன். மீதிச் சில்லறை அவனுக்கே. 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை அவன் எங்காவது படித்திருக்கலாம். மொட்டைமாடியில் வேறு தினுசான பாடத்தைக் கற்றுவிட்டான். 2015இல் ஒரு சிறுவனுக்குப் பெரியவர்களே மது புகட்டிப் படம்பிடித்த காணொளியைக் கண்டு நாடே பதறியது. அதன் சிறிய வடிவம் நம் விசேஷ வீடுகள் பலவற்றில் நடக்கிறது.

இந்த மனப்போக்கு மாறுமா? ஐஸ்லாந்தில் மாறியிருக்கிறது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர், முந்தைய மாதத்தில் போதையேறும் அளவு குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. மதுவின் தீமையைச் சொல்லும் பாடங்களை மட்டும் நம்பாமல், பிள்ளைகளைச் சுற்றியிருந்த பெரியவர்களின் நடத்தையை மாற்றினார்கள். 13 முதல் 16 வயது வரை குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குமேல் தனியே வெளியில் சுற்றக் கூடாது என்ற விதியைப் பெற்றோரே முன்னின்று காத்தார்கள். பள்ளிதோறும் பெற்றோர் கூடி உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள். ரெய்க்யவிக் நகராட்சி, பிள்ளைகள் விளையாட்டும் இசையும் கற்கக் குடும்பங்களுக்குப் பண உதவி தந்தது.

இங்குள்ள பெற்றோர் ஆசிரியர் கழகமும் அப்படியோர் உடன்படிக்கையை எழுதலாம். பிள்ளைகள் இருக்கும் விசேஷத்தில் பாட்டில் திறக்க மாட்டோம். அது சம்பந்தமான எதையும் வாங்கிவர அவர்களை அனுப்ப மாட்டோம். மாலையில் விளையாட்டுத் திடலைப் பூட்டிவைக்க மாட்டோம். இந்த மூன்று வரி போதும். 2017இல் நெடுஞ்சாலையோர மதுக்கடைகள் ஊருக்குள் இடம்மாறி வந்தபோது, மறித்து வெயிலில் உட்கார்ந்தவர்களில் பெண்களே முன்னின்றார்கள். அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள்; ஆகவே உடன்படிக்கையில் முதல் கையெழுத்தை அப்பாக்களிடம் கேளுங்கள்.